மூன்று மாதமும் ஒரே பாதை

தோங்கிலுக்கு அந்தத் திங்கட்கிழமை காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கொதிகலன் பழுது பார்க்கிறவனுக்கு ஜூலை என்பது சும்மா உட்கார்ந்திருக்கிற மாதம். குளிர் வந்தால்தான் குன்சான் ஊர் ஜனங்களுக்கு அவன் ஞாபகமே வரும். தரைக்கடியில் ஓடுகிற வெந்நீர்க் குழாய் சுடவில்லை, குளிக்க வெந்நீர் வரவில்லை என்று பல்லைக் கிட்டித்துக்கொண்டு போன் அடிப்பார்கள். மழைக்காலத்தில் எவன் கூப்பிடப் போகிறான்? ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கினான். கலைத்தான். மறுபடி அடுக்கினான். பார்லித் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, பாத்திரம் கருகுகிற நாற்றம் வந்த பிறகு ஓடினான். நாற்பது வயது ஒண்டிக்கட்டை, திட்டவும் ஆள் கிடையாது. தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

காரணம் தல்சு. பக்கத்து ஊர் இக்சானில் கோழி வறுவல் கடை வைத்திருக்கிற அந்தப் பயல், முந்தின நாள் விளையாட்டுக் குழுவின் இணையப் பலகையில் நாலு வரி எழுதிப் போட்டிருந்தான். 'ஏப்ரல், மே, ஜூன். மூணு தடவையும் ஜெயிச்சது ஒரே ஆள். மேப் செய்யறவருக்கும் ஜெயிக்கிறவருக்கும் என்ன உறவுன்னு கேட்டா தப்பா? வர்ற ஞாயித்துக்கிழமை குலுக்கியைத் தூக்கணுமா வேணாமான்னு ஓட்டுப் போடுவோம்.' கீழே நாற்பத்தொரு பதில்கள். பாதிப் பேர் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். அதுதான் தோங்கிலுக்கு அதிகமாக எரிந்தது.

குலுக்கி அவன் பெற்ற பிள்ளை மாதிரி. 'எட்டுக் கோட்டை' என்று ஒரு பழைய விளையாட்டு. எட்டுப் பேர், ஆளுக்கொரு கோட்டை, இருட்டு நிலம். வீரர்களை அனுப்பி வழி கண்டுபிடித்து, சுரங்கங்களைப் பிடித்து, கடைசியில் ஒருவன் மிஞ்ச வேண்டும். செய்த கம்பெனி என்றோ மூட்டையைக் கட்டிவிட்டது. அவர்கள் விட்டுப் போனது பன்னிரண்டு வரைபடங்கள். அந்தப் பன்னிரண்டையும் ஆடி ஆடி, எந்த மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது. அதற்கப்புறம் ஆடி என்ன சுகம்? பதினோரு வருஷத்துக்கு முன்னால் தோங்கில் உட்கார்ந்து குலுக்கியை எழுதினான். ஒரு விசையைத் தட்டினால் போதும், மலை, ஆறு, சாலை, பாலம், சுரங்கம் எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டுப் புத்தம் புது நிலம் ஒன்றைச் செய்து கொடுக்கும். யாரும் அவனுக்குச் சம்பளம் தரவில்லை, அவனும் கேட்கவில்லை. முதல் பக்கத்தில் இரண்டே வரி எழுதி வைத்தான்: 'இதில் மனிதக் கை படாது. ஒரு முறை வந்த நிலம் மறுமுறை வராது.' செய்தவனே ஆடினால் நாலு பேர் பேசுவார்களே என்று போட்டியில் கலந்துகொள்வதையும் விட்டுவிட்டான். இவ்வளவு செய்தும் பேசுகிறார்கள், பாருங்கள்.

போன் அடித்தது. கூக் அண்ணன். மாதக் கடைசி ஞாயிறு மூன்று மணிப் போட்டி அவருடைய பிசி பாங்கில்தான் நடக்கும். நாற்பது கம்ப்யூட்டர், மணிக்கணக்கில் வாடகை, நூடுல்ஸ் தனிக்காசு.

"டேய், பலகையைப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே."

"நீயும் சோராவும் ரகசியமாக் கல்யாணம் பண்ணிட்டீங்கன்னு ஒருத்தன் எழுதிருக்கான். எனக்குப் பந்தி போடவே இல்லியேடா."

"அண்ணே, நானே நொந்து போய் இருக்கேன்."

"சரி சரி. ஒண்ணு மட்டும் சொல்லு. நிஜமாவே அவளுக்கு மேப்பைக் காட்டினியா?"

"காட்டறதுக்கு எனக்கே தெரியாதே! உங்க கடையில, உங்க கண்ணு முன்னாடிதானே தட்டறோம்!"

அது உண்மைதான். திருட்டுக்கு இடமே இல்லாதபடி ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். போன முறை ஜெயித்தவர், அணைந்து கிடக்கிற ஏதாவது ஒரு கம்ப்யூட்டரைக் காட்டுவார். எல்லார் கண்ணெதிரிலும் அதைப் புதிதாக உயிர்ப்பித்து, குலுக்கியைத் திறந்து, ஒரே ஒரு முறை தட்ட வேண்டும். வந்த நிலம் வந்ததுதான். அதன்மேல் பனியா, மணலா, சேறா, புல்லா என்பதை பிஸ்கட் டப்பாவில் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். யாருக்கு எந்தக் கோட்டை என்பதற்கும் சீட்டு. ஜெயித்தவருக்குப் பொன் வண்ணம் அடித்த சோற்றுக் கரண்டி. இதில் எங்கே போய்த் திருடுவது?

மூன்று கரண்டிகளையும் வாங்கியவள் சோரா. பதினோராம் எண் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். முதல்முறை கூக் அண்ணன் கடைக்கு வந்தபோது சீருடையோடு, வெள்ளைக் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்தாள். எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று கேட்டதில், தோங்கிலும் அவளும் ஒரே வருஷம் என்று தெரிந்தது. அந்த நிமிஷமே 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. மறுவாரமே 'டா' வந்துவிட்டது. அது ஆயிற்று நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் தோங்கில் அவளிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே இருந்தான். அதற்குப் பதிலாக, வேலை இல்லாத வியாழக்கிழமைகளில் இரண்டு மணி வண்டியில் ஏறி, கட்டண அட்டையைத் தட்டிவிட்டு, கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அதே வண்டியில் திரும்பி வருவான். கேட்டால் கடல் காற்று வாங்கப் போகிறேன் என்பான். ஜன்னல் மூடின ஏசி வண்டியில் என்ன கடல் காற்று?

செவ்வாயும் புதனும் வீட்டுக் கம்ப்யூட்டரின் முன்னால் தவம் கிடந்தான். குலுக்கியை ஐயாயிரம் முறை தட்ட வைத்து, வந்த நிலங்களை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தான். ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. எழுதின நிரலை வரி வரியாகப் படித்தான். நகத்தைக் கடித்துத் துப்பினான். எழுந்து நடந்தான், வந்து உட்கார்ந்தான். தப்பு இல்லை. அப்படியானால் அவள் எப்படி ஜெயிக்கிறாள்? கெட்டிக்காரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜூன் மாதம் தல்சுவின் படை கிளம்புவதற்கு முன்னாலேயே தங்கச் சுரங்கத்தைப் போய்ப் பிடித்தாளே, இருட்டில் நேராக நடந்து போய்க் கதவைத் திறக்கிற மாதிரி? அது கெட்டிக்காரத்தனமா? ச்சே, அந்தத் தல்சுப் பயல் நம் மனசிலேயே விஷத்தை ஊற்றிவிட்டானே என்று தன் மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது.

வியாழக்கிழமை இரண்டு மணி வண்டியில் ஏறி அட்டையைத் தட்டினான். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சோரா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. கடைசி நிறுத்தமான துறைமுகத்தில் மற்றவர்கள் இறங்கிப் போனதும், இஞ்சினை அணைத்துவிட்டுக் குடுவையைத் திறந்தாள். பன்னிரண்டு நிமிஷம் ஓய்வு.

"பலகையைப் பாத்தேன்" என்றாள். "உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எனக்கென்ன? உன்னைப் பத்தித்தான் கன்னாபின்னான்னு எழுதறானுங்க." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "சோரா, கோவிச்சுக்காதே. நீ எப்படி ஜெயிக்கிற?"

அவள் குடுவையை மூடினாள். திரும்பி அவனை நன்றாகப் பார்த்தாள். "நடிக்கிறியா, இல்ல நிஜமாவே கேக்கறியா?"

"நிஜமாத்தான்."

"ஏப்ரல்ல பனி. மே மாசம் மணல். ஜூன்ல சேறு. மேல போட்ட சட்டைதான்டா வேற. உள்ள ரோடு ஒண்ணுதான்."

தோங்கில் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டான். "அதெப்படி? வாய்ப்பே இல்ல."

"மத்தவங்க மண்ணப் பாக்கறாங்க. நான் ரோட்டைப் பாக்கறவ. பதினாலு வருஷமா அதுதான் எனக்குச் சோறு போடுது. ஏப்ரல்ல ஒண்ணும் தெரியல, சாமி சத்தியமா சும்மாதான் ஜெயிச்சேன். மே மாசம் பாதி ஆட்டத்துல ஏதோ உறைச்சுது. ஜூன்ல மொத அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சுபோச்சு. நடுக்கோட்டையிலேர்ந்து கிளம்பினா ஒரு ரவுண்டானா. இடது பக்கம் திரும்பினா ஏரிக்கரை. அப்புறம் ஒத்தைப் பாலம். பாலம் தாண்டினதும் மூணு வளைவு. கடைசில முட்டுச்சந்து, அங்கதான் தங்கச் சுரங்கம்." கையுறை போட்ட விரலால் முன்கண்ணாடியைக் காட்டினாள். "இப்ப நாம வந்தோமே, அது எந்த ரோடு?"

அவன் பார்த்தான். ரவுண்டானா, ஏரிக்கரை, பாலம், வளைவுகள், துறைமுகம். பதினோராம் எண்ணின் பாதை.

"வாரா வாரம் வேலை வெட்டி இல்லாம என் வண்டில ஏறி வர்ற. வாயைத் திறக்க மாட்டேங்கற. ரோட்டை அளக்கறான் போலன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, அவள் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "எனக்காக நீ போட்டிருக்கன்னு நினைச்சேன்டா."

தோங்கிலின் வாயில் ஈ புகுந்திருந்தாலும் தெரிந்திருக்காது. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: இல்லை. அது வெளியே வரவில்லை. மூன்று மாதமாக இவள் இப்படி நினைத்துக்கொண்டா இருந்தாள்? நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக வேறு இருந்தாளா?

"தப்புன்னு தெரியும்" என்றாள் அவள். "வெளிய சொன்னா உன் மானம் போயிடும். அதான் வாயை மூடிட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை கேப்பாங்க. நீ என்ன சொல்றியோ அதையே நானும் சொல்றேன். தெரியாதுன்னா தெரியாது."

ஓய்வு முடிந்தது. குடை பிடித்த இரண்டு கிழவர்கள் ஏறினார்கள். அவள் இஞ்சினைக் கிளப்பினாள்.

மறுநாள் காலை கடை திறக்கிற நேரத்துக்கே கூக் அண்ணனின் பிசி பாங்கில் போய் நின்றான். ஒன்பதாம் எண் கம்ப்யூட்டரைப் போட்டான், குலுக்கியைத் தட்டினான். ரவுண்டானா. ஏரி. பாலம். அணைத்தான், மறுபடி போட்டுத் தட்டினான். ரவுண்டானா. ஏரி. பாலம். எழுந்து பதினாலாம் எண்ணுக்கு ஓடினான். அங்கேயும் அதே. முப்பத்தொன்றில் போய்த் தட்டினான். அட கடவுளே, அங்கேயும் அதே!

"என்னடா சுவிட்சோட விளையாடிட்டிருக்க?" கூக் அண்ணன் நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்தார். "பழைய மெஷின்டா, செத்துப்போயிடும்."

"அண்ணே, இந்த மெஷினை அணைச்சா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? எல்லாத்தையும் மறந்துடும். பசங்க கண்டதையும் ஏத்தி வெச்சிட்டுப் போறானுங்க, யாரு உக்காந்து துடைக்கறது? அணைச்சுப் போட்டா நான் வெச்ச மாதிரியே சுத்தமா எந்திரிக்கும். எல்லா பிசி பாங்லயும் அப்படித்தானே?" ஒரு வாய் நூடுல்ஸை உறிஞ்சினார். "மார்ச் கடைசில நீதானேடா புது குலுக்கியை ஏத்திட்டு, 'இப்படியே உறைய வெச்சு எல்லா மெஷினுக்கும் காப்பி போடுங்க அண்ணே'ன்னு பக்கத்துல நின்னு சொன்ன?"

தோங்கில் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தான். குலுக்கி தன் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பு வைத்திருந்தது. கடைசியாக எந்த எண்ணில் குலுக்கலை நிறுத்தியதோ, அதை அதில் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அங்கிருந்து தொடரும். வீட்டில் அந்தக் குறிப்பு நகர்ந்துகொண்டே போகும், அதனால் ஐயாயிரம் முறை தட்டியும் எதுவும் திரும்ப வரவில்லை. இங்கே? அணைத்துப் போட்டால் அந்தக் குறிப்பும் மார்ச் மாதத்துக்கே திரும்பிவிடும். புதிதாகப் போட்ட கம்ப்யூட்டரில் முதல் தட்டு என்றைக்கும் ஒரே நிலத்தைத்தான் தரும். திருட்டு நடக்கக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் புதிதாகப் போட்டார்களே, அந்த வழக்கம்தான் ஓட்டை. போட்டி நாள் தவிர வேறு நாளில் இந்தக் கிழட்டு விளையாட்டை அங்கே யாரும் தொடுவதில்லை, அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஓட்டையைப் போட்டவன் தோங்கில், தன் கையாலேயே. பாதை பதினோராம் எண்ணின் பாதை மாதிரி இருந்தது வெறும் தற்செயல். அதை யாரும் போடவில்லை.

சனிக்கிழமை முழுக்க அவன் வீட்டுக்குள் கூண்டுப் புலி மாதிரி நடந்தான். சரிசெய்வது பத்து நிமிஷ வேலை. ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் போய்ச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று அவன் சொன்னால் சோராவும் அதையே சொல்வாள். தல்சு உறுமுவான், குலுக்கியைத் தூக்கினாலும் தூக்குவார்கள். போனால் போகட்டும், சோரா மிஞ்சுவாள். தனக்காக ஒருவன் பாதை போட்டான் என்று காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் மனசில் தானும் ஓர் ஆளாக இருக்கிறோம் என்பது நாற்பது வயதில்தான் அவனுக்குத் தெரிய வந்திருக்கிறது. அதுவும் செய்யாத வேலைக்குக் கூலியாக! அந்தக் கூலியைத் திருப்பிக் கொடுக்க எவனுக்கு மனசு வரும்? ஆனால் ஒவ்வொரு முறை அந்த முடிவுக்கு வரும்போதும், கம்ப்யூட்டரைத் திறந்தால் அந்த முதல் பக்கம் கண்ணில் பட்டுத் தொலைத்தது. இதில் மனிதக் கை படாது. அவளிடம் சும்மா இருந்தால், தன் கை பட்டதென்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். பதினோரு வருஷம் கட்டிக் காத்ததை இந்தப் பொய்யில் போடுவதா? அவளையும் பொய்யிலேயே வைத்துக்கொள்வதா? சோறு இறங்கவில்லை. இரண்டு முறை அவளுக்குச் செய்தி அடித்து, இரண்டு முறையும் அழித்தான்.

ஞாயிறு மூன்று மணி. ஆடுகிற எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க இன்னும் பத்துப் பேர். ஈரக் குடைகள் வாசலில் கிடந்தன. தல்சு வறுத்த கோழி இரண்டு டப்பா கொண்டு வந்திருந்தான். சண்டைக்கு வந்தாலும் பயல் வெறுங்கையோடு வர மாட்டான்.

"அண்ணே, சாப்பிட்டுட்டுப் பேசுவோமா, பேசிட்டுச் சாப்பிடுவோமா?" என்றான். "பேசிட்டா உங்களுக்கு இறங்காது."

"நான் முதல்ல பேசிடறேன்" என்றான் தோங்கில். எல்லாவற்றையும் சொன்னான். ஒன்பதாம் எண்ணைப் போட்டுக் காட்டினான், பதினாலைக் காட்டினான். மார்ச்சில் ஏற்றியதைச் சொன்னான், குறிப்பைச் சொன்னான். "தப்பு முழுக்க என்னுது. மூணு மாசமும் நீங்க ஆடினது ஒரே மேப். மன்னிச்சுக்குங்க" என்று இடுப்பு வளையக் குனிந்தான்.

எல்லாரும் ஒன்பதையும் பதினாலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு தல்சுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடப்பாவி! மூணு தடவையும் ஒரே சுரங்கத்தைத் தேடியா நான் அலைஞ்சேன்? பனில ஒரு தடவை, மணல்ல ஒரு தடவை, சேத்துல ஒரு தடவை?"

"கண்ணு இருந்தும் குருடன்டா நீ" என்றார் கூக் அண்ணன்.

"நான் குருடன், சரி. அக்கா குருடி இல்லியே?" தல்சு சோரா பக்கம் திரும்பினான், சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

சோரா தோங்கிலைப் பார்த்தாள். நீ என்ன சொல்கிறாயோ அதையே நானும் சொல்கிறேன் என்று சொன்னவள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், அவளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றாள் அவள். "மே மாசம் சந்தேகம். ஜூன்ல நல்லாத் தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"இவன் எனக்காகப் போட்டான்னு நினைச்சேன்."

கோழி டப்பாவைத் திறந்துகொண்டிருந்த ஒருவன் அப்படியே நிறுத்தினான். கூக் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "டேய்" என்றார் மெதுவாக, "போட்டியா?"

பதினெட்டுப் பேர் அவனையே பார்த்தார்கள். இந்த ஒரு கேள்விக்குத்தான் நேற்று முழுக்க நடந்தான்.

"இல்லை" என்றான். "நான் போடல. தானா வந்தது."

சோரா தலையை ஆட்டினாள், நிறுத்தத்தின் பெயரை யாரோ சரியாகச் சொல்லிவிட்ட மாதிரி. முகம் மட்டும் காது வரை சிவந்துவிட்டது. பையைத் திறந்து மூன்று கரண்டிகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று வரும்போதே கொண்டு வந்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் தோங்கிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் வரவில்லை, கோழைப் பயல்.

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. தப்பை ஒளிக்காமல் சொன்னவன்மேல் தல்சுவுக்கே கோபம் போய்விட்டது. அவன்தான் ஒரு யோசனையும் சொன்னான்: இனிமேல் மெஷின் சொந்தமாகக் குலுக்க வேண்டாம், ஆடுகிற எட்டுப் பேரும் ஆளுக்கொரு எண்ணைச் சத்தமாகச் சொல்லட்டும், எட்டையும் சேர்த்துக் குலுக்கியில் போடட்டும். தோங்கில் அங்கேயே உட்கார்ந்து அதற்கு வழி செய்தான். சோராவைக் கேட்டபோது "பதினொண்ணு" என்றாள். புது நிலம் வந்தது. ரவுண்டானா இல்லை, ஏரி இல்லை. அவள் நாலாவதாகத் தோற்றாள், தப்பான பக்கம் திரும்பித் திரும்பி. தல்சு ஜெயித்தான், கரண்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தான். சோரா கைதட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னாள், அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

திங்கள், செவ்வாய், புதன். அந்த மூன்று நாளை எப்படித் தள்ளினான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. செய்தி அனுப்பினான், பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நிலம் செய்கிற நிரலைப் பதினோரு வருஷமாக எழுதியவன், ஒரு நிலத்தைக்கூடக் கையால் வரைந்ததில்லை. கோடு கோணல்மாணலாகப் போனது. நாலு தாளைக் கசக்கிப் போட்டான்.

வியாழக்கிழமை இரண்டு மணி வண்டியில் ஏறி அட்டையைத் தட்டினான். கண்ணாடியில் அவள் பார்க்கவே இல்லை. துறைமுகத்தில் கடைசி ஆளும் இறங்கிப் போனான். இஞ்சின் நின்றது. மழை கூரைமேல் சடசடத்தது.

"இன்னும் எதுக்கு வர்ற?" முன்னால் பார்த்தபடியே கேட்டாள். "மூணு மாசம் என்னைப் பைத்தியக்காரி மாதிரி சிரிக்க வெச்சியே, அது போதாதா?"

"உனக்குப் போட்டேன்" என்று தாளை நீட்டினான். "இந்தத் தடவை நிஜமா. கையால."

அவள் வாங்குவாளா மாட்டாளா என்று அவள் கையுறையையே பார்த்தான். வாங்கினாள். ஸ்டியரிங்மேல் விரித்தாள். நடுவில் கோட்டை, ரவுண்டானா, ஏரிக்கரை, பாலம், முட்டுச்சந்து, அங்கே மஞ்சள் பென்சிலால் ஒரு சுரங்கம். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விரலை ஓர் இடத்தில் வைத்தாள்.

"பாலத்துக்கப்புறம் ரெண்டு வளைவுதான் போட்டிருக்க. மூணாவது எங்க?"

அவன் எட்டிப் பார்த்தான். மூணாவது இல்லை. "விட்டுப்போச்சு."

"நாலு வருஷமா வாரா வாரம் வர்ற. ஒரு வளைவைக்கூட ஒழுங்காப் பாக்கலியா? என்னத்தத்தான்டா பாத்துட்டு வந்த?"

"நான் ரோட்டைப் பாக்கல" என்றான் தோங்கில்.

சோரா வலது கையுறையைக் கழற்றினாள். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, விட்டுப்போன வளைவைத் தானே வரைந்து, தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஓய்வுக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. குடுவையின் மூடியில் பார்லித் தண்ணீரை ஊற்றி, திரும்பி அவனிடம் நீட்டினாள்.